வலுவற்ற வாதங்கள்

தேர்வு மையத்தின் கேட்டை இழுத்துப் பூட்டி இரண்டு நிமிடம்தான் ஆகிறது. வெயிலேறிய கம்பிகளைப் பிடித்துக்கொண்டு தையல்காரி காவலாளியிடம் மன்றாடுகிறாள். ஓடிவந்த அவசரத்தில் அளவு நாடா கழுத்திலேயே தொங்குகிறது. கக்கத்தில் வழிகாட்டிப் புத்தகம். எந்த வாதம் வலுவானது, எது வலுவற்றது என்று கேட்கும் கேள்விகள் உள்ள பக்கத்தில் நுழைவுச்சீட்டைச் செருகியிருக்கிறாள். "பிள்ளைக்கு விடியக்காலைல இருந்து காய்ச்சல்ணே." இது வெறும் இரக்கத்தைத் தூண்டுவது, வலுவற்றது. சொல்லும்போதே அவளுக்குத் தெரிகிறது. "இப்பத்தானே ஒருத்தரை விட்டீங்க?" அடுத்தவரைக் கைகாட்டினால் காரணமாகிவிடாது. "ஒரு வருஷமா உசிரைக் கொடுத்துப் படிச்சேன்." அதுவும் தேறாது. இந்த மாதிரிக் கேள்விகளில் நேற்றுகூடப் பத்துக்குப் பத்து வாங்கியவள் அவள். "அடுத்த மாசம் வயசு தாண்டிடும்ணே, இனிமே எழுதவே முடியாது." காவலாளி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறார். துடைத்துக்கொண்டே இருக்கிறார். "நீ சொல்றது அத்தனையும் நியாயந்தாம்மா. சாவியை உள்ள வாங்கிட்டுப் போயிட்டாங்களே." உள்ளே மணி அடிக்கிறது. நாற்காலிகள் இழுபடும் சத்தம் அடங்குகிறது. அவள் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொள்கிறாள். இப்போது காரணம் எதுவும் சொல்லவில்லை. "அண்ணே" என்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அண்ணே."