அசையாத லூசியா

"அசையாதே எண்டா அசையாதே பிள்ளை! நீ லூசியா. ஸ்கேட்டிங் போற பொம்பிளை இல்லை!"

கொட்டாஞ்சேனைப் பங்கு மண்டபத்தில் இராஜநாயகத்தின் குரல் கூரையைத் தொட்டது. புனித லூசியாவின் திருவிழாவுக்கு வருடா வருடம் நாடகம் போடுவது அவர்தான். கதை, வசனம், இயக்கம், ஆள் வராவிட்டால் எருது வேடத்தின் பின்கால், எல்லாம் அவரே. இந்த வருடம் லூசியா அவருடைய மகள் லவினா.

நாடகத்தின் உயிரே கடைசிக் காட்சிதான். விசுவாசத்தை விடமாட்டேன் என்ற பெண்ணை இழுத்துப்போகச் சொல்கிறான் நீதிபதி. படைவீரர்கள் இழுக்கிறார்கள், எருது பூட்டி இழுக்கிறார்கள். லூசியா மலைபோல நிற்கிறாள். ஒத்திகையிலோ, படைவீரன் ரொனி கயிற்றைத் தொட்டதுமே லவினா அவன் பின்னால் போய்விடுகிறாள்.

ரொனி போன் திருத்துகிறவன். ஒரு காஸ் சிலிண்டரை மாடிக்கு ஏற்றுவதற்குள் மூச்சு வாங்கிப் படியில் உட்கார்ந்துவிடுவான்.

"மெதுவாத்தான் இழுத்தனான் அங்கிள்."

"பின்ன ஏன்டா அவள் வாறாள்?"

ரொனி கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான்.

"அப்பா, லூசியாவுக்கும் வீட்டில மாப்பிள்ளை பாத்தவை, என்ன?" என்றாள் லவினா.

"அது முதலாம் சீன். முடிஞ்சுது. நீ நில்லு!"

அவருடைய கவலை வேறு. நாளை முன்வரிசையில் இருக்கப்போகிறவர்கள் வெள்ளவத்தைச் சவுந்தரநாயகமும் மனைவி ஐறீனும். கனடா மாப்பிள்ளையின் பெற்றோர். நாடகம் முடிந்ததும் லவினாவுக்கு மோதிரம் போடுவதாகப் பேச்சு. லூசியா வழுக்கிக்கொண்டுபோய் சபை சிரித்தால், சம்பந்தமும் வழுக்கிவிடாதா?

"இஞ்சேருங்கோ, பிள்ளையிட்ட ஒரு வார்த்தை கதைச்சனீங்களோ?" என்றாள் மனைவி யோசெப்பின்.

"ஆயிரம் தரம் சொல்லிட்டன், அசையாதே எண்டு!"

மறுநாள் துணிந்து ரொனியை நீக்கினார். கயிறு, துறைமுகத்தில் மூட்டை தூக்கும் றமேஷின் கைக்குப் போனது. ரொனிக்குக் கதிரை அடுக்குகிற வேலை. பின்கால்காரனுக்குக் காய்ச்சல் என்பதால், கடைசிக் காட்சியில் இராஜநாயகம் எருதுக்குள் குனிந்து நின்று, வெளியே நடப்பது ஒன்றும் தெரியாமல், செபமாலை உருட்டினார்.

றமேஷ் இழுத்தான். எருது இழுத்தது. பின்கால் தடுக்கி விழுந்தது. இருட்டுக்குள் கைதட்டல் கேட்டது. தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். லவினா நின்ற இடத்திலேயே நின்றாள். ஐறீன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இராஜநாயகமும் அழுதுவிட்டார்.

"கீழ வா பிள்ளை, மாமி மோதிரத்தோட நிக்கிறா."

லவினா அசையவில்லை.

"நாடகம் முடிஞ்சுது, ராசாத்தி."

கையைப் பிடித்து இழுத்தார். றமேஷையும் இழுக்கச் சொன்னார். ம்ஹூம். ஐறீனின் புருவம் உயர்ந்தது. வியர்த்துக் கொட்டிய இராஜநாயகத்துக்கு அந்தப் பதற்றத்தில் ஒத்திகைதான் ஞாபகம் வந்தது.

"டேய் ரொனி! நீ தொட்டாத்தானே இவள் அசையிறவள். ஓடி வாடா!"

ரொனி கதிரையைக் கீழே வைத்தான். மேடையேறி, தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான்.

லூசியா அசைந்தாள். அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, மோதிரப் பெட்டியைத் தாண்டி, யோசெப்பின் ஏற்கனவே திறந்துவைத்திருந்த வாசல் பக்கம் நடந்தாள். இந்தத் தரம் இழுத்தது அவள்தான்.