நெஞ்சில் படாத நூல்

விடியலில் விராலிமலைச் சாலையில் தபால் பையோடு ஓடும் சேவுகனுக்குப் பத்தடி முன்னால் தினமும் ஒருவர் ஓடுவார். அவர் முகத்தைச் சேவுகன் பார்த்ததில்லை. திரும்பாமலே சொல்லிக்கொடுப்பார்: “தரையப் பாக்காத. எம் முதுகப் பாத்து வா.”

1938இல், இனித் தபால் பஸ்ஸில் போகும் என்று உத்தரவு வந்தது. சேவுகனுக்கு வேலை போய்விடும். அந்த மாதமே புதுக்கோட்டையில் ஓட்டப்பந்தயம்; ஜெயிப்பவனுக்குப் போலீஸ் உத்தியோகம். சேவுகன் அங்கும் பத்தடி முன்னால் ஓடிய அந்த முதுகையே பார்த்து ஓடி முதலாவதாக வந்தான்.

எல்லையில் இழுத்துப் பிடித்த நூல் மட்டும் அவன் நெஞ்சில் படவில்லை.

“நூல் எங்கய்யா?”

நூல் பிடித்த வாத்தியார் வெறுங்கையைக் காட்டினார். “நீ வர்றதுக்கு முன்னாடியே கையிலருந்து பிடுங்கிட்டுப் போயிருச்சப்பா. அப்ப ஒருத்தரும் வரல.”

மறுநாள் விடியலிலும் அவர் முன்னால் ஓடினார். அவருடைய இரண்டு விலாவுக்கும் பின்னால் வெள்ளை நூல் பறந்துகொண்டிருந்தது.