பகல் தூக்கத்துக்கு ஒரு இயர்போன்

காதில் எதையாவது செருகிக்கொண்டே திரிகிற பெண்களைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்?

எனக்குத் திமிர் என்றுதான் தோன்றும். எங்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கும் மஹிமாவைத்தான் சொல்கிறேன். கோயம்புத்தூர்ப் பெண், ஐ.டி. கம்பெனி வேலை. கொல்கத்தா வந்து ஐந்து மாதம் ஆகிறது. படியில் பார்த்தால் சிரிப்பாள். "சாப்டியா?" என்று கேட்டால், காதிலிருந்து ஒயரை எடுத்துவிட்டு, "ஆங்?" என்பாள்.

போன சனிக்கிழமை சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"கரியாஹாட் கடைத்தெருவுக்கு, மாதவிக்கா. இயர்போன் வாங்கணும். பழசு உடைஞ்சுபோச்சு."

"எவ்வளவு ஆகும்?"

"ஆயிரத்தைந்நூறு வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது."

"ஏம்மா, அந்தக் காசுக்குக் காதுக்கு வெள்ளித் தோடே வாங்கலாமே!"

சிரித்தாள். அவளுக்குப் பெங்காலி சுத்தமாக வராது. தனியாகப் போனால் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள். என் பெண் அக்‌ஷயாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லைதான். அதனால் என்ன?

நடைபாதைக் கடையில் பத்துப் பதினைந்து டப்பாக்களை எடுத்துப் பரப்பினார் கடைக்காரர்.

"பௌதி, இதைப் பாருங்க. பாட்டு போட்டா பேஸ் நெஞ்சுல இடிக்கும்!" என்று அவர் என்னை அண்ணி முறை வைத்துப் பெங்காலியில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"பேஸெல்லாம் வேண்டாம்க்கா. வெளிச் சத்தம் உள்ளே வரக் கூடாது. அது போதும்."

"பாட்டு கேக்க இல்லையா?"

"தூங்கறதுக்குக்கா."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"எனக்கு நைட் ஷிப்ட். காலையில ஏழரைக்கு வந்து படுப்பேன். கண்ணசர்ற நேரம் பார்த்து ஒரு சத்தம் ஆரம்பிக்கும். முக்கால் மணி நேரம் விடாது. அப்புறம் எங்கே தூங்கறது? போன வாரம் ஆபீஸ்ல மேஜைமேலேயே தலை சாஞ்சுட்டேன். இன்னொரு தடவை தூங்கினா வேலையை மறந்துடுன்னு மானேஜர் சொல்லிட்டார்."

அடப் பாவமே! இதைத் திமிர் என்று நினைத்தேனே!

"நம்ம பில்டிங்லயா? யாரு அது? மூணாவது மாடி ஹார்மோனியமா?"

"இல்லக்கா."

"பின்னே யாரு? சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்!"

பக்கத்துப் புடவைக் கடைக்காரர் மடித்துக்கொண்டிருந்த புடவையோடு திரும்பிப் பார்த்தார்.

"ஐயோ, வேண்டாம்க்கா. அவங்க ரொம்ப நல்லவங்க. வேணும்னு பண்றதில்ல."

"நல்லவங்களா இருந்தா ஆச்சா? மேலே கீழே மனுஷங்க இருக்காங்கன்னு ஒரு நெனப்பு வேண்டாம்? இந்த மாதிரி ஆளுங்களை விடவே கூடாது. நீ வாயில்லாப் பூச்சியா இருக்கறதுனாலதான்…"

மஹிமா குனிந்து டப்பாக்களைப் புரட்ட ஆரம்பித்தாள்.

வெளிச் சத்தத்தைத் தானே அடக்கிவிடும் ரகம் ஒன்று இருந்தது. விலை ஐயாயிரம். மஹிமா அதைத் தொடவே இல்லை. கடைக்காரர் கடைசியில் ஒயர் வைத்த இரண்டை மட்டும் எடுத்து வைத்தார். ஒன்று ஆயிரத்து நானூறு, இன்னொன்று தொள்ளாயிரம்.

"விலையைப் பார்க்காதீங்க. காதை இந்த ரப்பர் சரியா அடைக்குதான்னு பாருங்க" என்று சின்னது, நடுத்தரம், பெரியது என மூன்று அளவில் ரப்பர்களை மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் பஞ்சால் துடைத்துத்தான் கொடுத்தார். அதற்குள் ஒரு ரப்பர் அக்‌ஷயாவின் வாய்க்குப் போய்விட்டது. விரலை விட்டு எடுத்தேன்.

நடுத்தரம் மஹிமாவுக்குப் பொருந்தியது. ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடிக்க அடிக்க, இரண்டையும் மாற்றிப் போட்டுப் பார்த்தாள்.

"ஹாரன் ரெண்டுலயும் குறையுதுக்கா."

"அப்புறம் என்ன? தொள்ளாயிரத்தை எடு. தாதா, ஏக்டு கொமான்!" என்று நான் பேரத்தை ஆரம்பித்தேன்.

"குறைக்கிறேன் பௌதி. ஆனா ஒண்ணு, காதுக்குள்ள போற சாமான். வாங்கிட்டுப் போனா திருப்பி எடுக்க மாட்டேன்."

இதைச் சொன்னதும் மஹிமாவின் முகம் வாடிவிட்டது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தப்பா எடுத்துட்டா இந்த மாசம் வேற வாங்க முடியாதுக்கா. ஹாரனால எனக்குத் தூக்கம் கெடலையே."

அதையும் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கையை விரித்தார். "எந்தச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குதோ, அந்தச் சத்தத்துலதான் போட்டுப் பார்க்கணும். வேற வழி இல்லை."

"நியாயந்தானே மஹிமா! ஆனா அந்தச் சத்தத்துக்கு இப்போ எங்கே போறது?"

மஹிமா என்னைப் பார்த்தாள். அக்‌ஷயாவைப் பார்த்தாள். அப்புறம் தொள்ளாயிரம் ரூபாய் இயர்போனை இரண்டு காதிலும் நன்றாக அழுத்திச் செருகிக்கொண்டாள். முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. தினம் காலையில பால்கனியில நின்னுக்கிட்டு ஊர்ல இருக்கற உங்க அம்மாகிட்ட போன்ல பேசுவீங்களே… அதே மாதிரி ஒரே ஒரு நிமிஷம் பேசிக் காட்டுங்களேன்!"