இடம் வலமாக

ஹோபார்ட் வீடியோ கேம் கூடத்தில் கார்ப் பந்தய ஆட்டத்தின் இறுதிப்போட்டி. அன்றைக்குப் பார்த்து மிஷினின் பழைய பிக்சர் டியூப் படுத்துவிட்டது. மெக்கானிக் நோயலீன் வேறு டியூப் மாட்டினாள். படம் இடம் வலமாக மாறி வந்தது.

"என்ன நோயலீன், கண்ணாடியில பாக்கிற மாதிரி இருக்கு!" என்று கத்தினான் நடப்புச் சாம்பியன் கிரெய்க்.

"ரெண்டு வயரை மாத்திக் குடுக்கணும். மறுபடி கழட்டினா ஒரு மணி நேரம் ஆகும்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. ரெண்டு பேருக்கும் ஒரே திரைதானே? ஆடுங்க" என்றார் போட்டியை நடத்திய டெஸ்மண்ட்.

கிரெய்க் முதல் வளைவிலேயே சுவரில் மோதினான். ஓர் ஆட்டத்துக்கு உண்டான மூன்று காரும் அப்படியே போயிற்று.

அடுத்து ஆட வேண்டியவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். நோயலீன்தான். எங்கும் இடிக்காமல் ஓட்டிக் கோப்பையை வாங்கினாள்.

"உனக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டான் கிரெய்க்.

"என் வீட்டு மிஷின் நாலு வருஷமா இப்படித்தான் இருக்கு. ஊர் மிஷினைச் சரிபண்ணவே எனக்கு நேரம் போதலைடா!"