சிவக்காத தூண்

மருந்தை அடித்துவிட்டு அவள் காத்திருந்தாள்.

தூண் சிவக்கவில்லை.

இன்னொரு முறை அடித்தாள். ஈரம் மட்டும் வழிந்தது. கொத்திய குழிக்குள் கான்கிரீட் அதே வெளிறிய சாம்பல் நிறத்தில் கிடந்தது.

சிவந்து தொலையேன், உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று மனதுக்குள் கெஞ்சினாள். இன்ஜினியர் கெஞ்சினால் தூண் கேட்குமா என்ன?

நல்ல கான்கிரீட்டில் இந்த மருந்து பட்டால் பீட்ரூட் சாறு கொட்டியதுபோல் சிவக்கும். சிவந்தால் உள்ளே கம்பி பத்திரம். சிவக்காவிட்டால் அதன் காப்பு போய்விட்டது, துரு தின்கிறது என்று அர்த்தம்.

கம்பி வரைக்கும் கொத்தியாயிற்று. நகத்தால் சுரண்டினாலே அது செதில் செதிலாக உதிர்ந்தது.

காலையில் சுத்தியலால் தட்டி வலுவை அளந்தபோது இதே தூண் நல்ல அளவைத்தான் காட்டியது. சுத்தியலைச் சொல்லிக் குற்றமில்லை. அதற்குத் தெரிந்தது மேல்தோல் மட்டும். வயதான கான்கிரீட்டின் தோல் இறுகித்தான் கிடக்கும்.

தூத்துக்குடியில் கடலோரம், நாற்பது வருடக் குடியிருப்பு. தூண் நின்ற கீழ்வீட்டுக்காரி மரியபுஷ்பம் அவளுடைய தோளுக்குப் பின்னால் நின்று குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரம் முன்பு பக்கத்து பிளாக்கில் ஒரு தூண் பளிச்சென்று சிவந்தது. தூணில் ரத்தம் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, அந்த வீட்டில் பீரோவையே வெளியே தூக்கி வைத்துவிட்டார்கள். உண்மையில் அதுவரை பார்த்ததிலேயே திடமான தூண் அதுதான்.

சொல்லியிருக்கலாம். முடிவை அலுவலகம்தான் அறிவிக்கும், குடியிருப்பவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பது மேலதிகாரியின் உத்தரவு. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டதுபோல் நகர்ந்து வந்துவிட்டாள்.

வெட்கமாக இருந்தது.

"சிவக்கலியே" என்றாள் மரியபுஷ்பம். முகமெல்லாம் சிரிப்பு. நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெளுத்ததெல்லாம் பால்.

அவள் வாயெடுப்பதற்குள் மரியபுஷ்பம் போனில் மகளைப் பிடித்துவிட்டாள். தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். வீட்டைச் சோதிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், இப்போதைக்கு வரவேண்டாம் என்று மகளை நிறுத்திவைத்திருந்த தாய்.

"இன்னைக்கே கெளம்பி வா மக்கா. நம்ம வீட்டுக்கு ஒண்ணுமில்ல. இன்ஜினியரம்மா இங்கதான் நிக்காவ."

அவள் நின்றதையே சான்றிதழாக்கிவிட்டாள் பாவி.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அறிக்கை வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும். இந்தத் தூணின் தலையில் மூன்று மாடி.

மரியபுஷ்பம் போனை வைத்தாள். அறை நடுவில் வந்து நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். தூண் பக்கம் ஒரு கொக்கி, சன்னல் பக்கம் ஒரு கொக்கி.

"தொட்டில எங்கனம்மா கட்டட்டும்? நீங்க படிச்சவிய, சொல்லுங்க."

இன்ஜினியர் கையை நீட்டினாள்.

வாசலைக் காட்டினாள்.

மரியபுஷ்பம் திரும்பி வாசலைப் பார்த்தாள். நிலைக்கு மேலே தேடினாள்.

"அங்கன கொக்கி இல்லியேம்மா."

அவள் கையை இறக்கவில்லை.