ஜன்னலில் நான்காவது குப்பி

பீப்... பீப்... என்று ரத்தம் ஏற்றும் மெஷின் கத்துகிறது. நர்ஸ் ஓடி வந்து, கட்டிலில் கிடக்கும் ஐந்து வயதுப் பெண்ணின் மடங்கிய கையை நீட்டிவிட, சத்தம் அடங்குகிறது. மஞ்சள் பூத்த கண்களால் அவள் சிரிக்கிறாள். போன வாரம் வந்தது வெறும் வைரஸ் காய்ச்சல்தான். அதோடு மல்லுக்கட்டப் புறப்பட்ட உடம்பு, இப்போது தன் சிவப்பணுக்களையே உடைக்கிறது. உடைவது நின்றதா என்பதைச் சிறுநீரின் நிறம்தான் சொல்ல வேண்டும். ஜன்னல் விளிம்பில், நேரம் எழுதி ஒட்டிய மூன்று குப்பிகள் காலை வெயிலிலும் கருங்காப்பியாகவே தெரிகின்றன. நர்ஸ் நான்காவதைப் பக்கத்தில் வைக்கிறாள். அப்பா சுவரைப் பார்த்தபடி நிற்கிறார். "திரும்புங்க சார், அது ஒண்ணும் கடிச்சிடாது." "நீங்களே பாத்துச் சொல்லிடுங்க, சிஸ்டர்." மகள் தலையைத் தூக்கி எட்டிப் பார்க்கிறாள்.

"பயந்தாங்கொள்ளி அப்பா, திரும்புப்பா! இது எலுமிச்சை ஜூஸ் கலரு!"