இருவருக்கும் ஒரே அங்கி

ஜெர்மனியின் சிறு நகரமொன்றில் வக்கீல்களான ஆல்பிரெக்டுக்கும் லேவினுக்கும் சேர்த்து ஒரே கறுப்பு அங்கிதான். வாதாடி முடித்தவன் கழற்றியபடியே வெளியே வந்து நீட்டுவான். வாசலில் நிற்பவன் மாட்டிக்கொண்டு உள்ளே போவான். வசதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஆல்பிரெக்ட் பழமைவாதக் கட்சியில் சேர்ந்து சட்டமன்றம் போனார். யூதர்கள் இனி நீதிமன்றம் ஏறக் கூடாது என்ற தீர்மானத்துக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். மறுநாள், யூதனான லேவின் அங்கியைத் தேய்த்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"இனிமே எனக்காக நீ வாசல்ல காத்துக் கிடக்க வேண்டாம்."

ஆல்பிரெக்ட் அமைச்சரானார். பதவி போனதும் கிழவராக நீதிமன்றத்துக்கே திரும்பினார். முதல் வழக்கு முடிந்ததும் அங்கியைக் கழற்றியபடியே வாசலுக்கு வந்து நீட்டினார். நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் அப்படியே நின்றார்.